கங்காணி உட்கார்ந்த தோள்

மூஞ்சிக்கல்லில் என் கடைக்கும் தங்கமுத்து அண்ணனின் எஸ்.டி.டி. பூத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். அண்ணனின் பிழைப்பைக் கெடுத்ததே என் கடைதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் ஜெராக்ஸ் போட வந்தவள். ரெண்டாயிரத்து மூணில் செல்போனுக்கு ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பூத்துக்கு வருகிற கூட்டம் பாதியானது வாஸ்தவம். ஆனால் அதற்காக அவர் என்னிடம் ஒரு நாளும் முகம் கோணியது கிடையாது.

“நீ விக்காட்டி இன்னொருத்தி விப்பா, தங்கச்சி. அவளுக்கு ஒன் அளவுக்கு வாய் இருக்காது, எனக்குப் பொழுது போவாது” என்பார்.

தங்கமுத்து அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. ஆனால் கொடைக்கானலில் முக்கால்வாசிப் பேருடைய போன் நம்பர் தெரியும். டைரி இல்லை, துண்டுச் சீட்டு இல்லை. பெயரைச் சொன்னால் விரல் தானாகப் போய்விடும். வருகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்தே யாரிடம் பேச வந்திருக்கிறார்கள் என்று சொல்லுவார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்லுகிற தோரணையில் வந்தவருக்கே சந்தேகம் வந்து, அந்த நம்பருக்கும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார். செல்போன் மட்டும் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். பூத் வைத்திருக்கிறவன் செல்போன் வைத்துக்கொண்டால் கடைக்கு என்ன மரியாதை என்று கேட்பார்.

அவர் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். ஒன்பது வயசில் குடும்பத்தோடு கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தார்கள். பன்னிரண்டு வயசில் ஒரு காய்ச்சல். ரெண்டே மாசத்தில் பார்வை முழுசாகப் போய்விட்டது. அப்புறம் மதுரையில் பார்வையற்றோர் பள்ளிக்கூடம், டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி, எண்பத்தொன்பதில் இந்த பூத். இதையெல்லாம் அவர் சொல்லும்போது அழுது வடிகிற கதையாக இருக்காது. கப்பலில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று பட்டியல் போடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அப்போதெல்லாம் குச்சியை வைத்துக்கொண்டு தனியாகத்தான் நடந்திருக்கிறார். தொண்ணூற்றிரண்டில், நாயுடுபுரத்து வீட்டிலிருந்து வருகிற வழியில், தைலமர வளைவில் ஒரு ஜீப் உரசிச் சாக்கடையில் விழுந்துவிட்டார். முன்பல் ரெண்டு போனது, முழங்காலில் விரிசல். அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். அந்தப் பக்கம் கேரட் மூட்டையோடு வந்த ஒரு பெண் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரைத் தூக்கிவிட்டாள். அவள்தான் விஜயராணி. அவளும் தோட்டத்துக் குடும்பம்தான். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து ஆடலூரில் காப்பி பறித்தவர்கள். அடுத்த வருஷமே கல்யாணம். தரகர் யாரென்று கேட்டால் ரெண்டு பேருமே அந்தச் சாக்கடையைத்தான் சொல்லுவார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் தனியாக நடக்கவே இல்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும், அந்த வளைவின்மேல் அவருக்கு உள்ளுக்குள் நல்ல பயம். விஜயராணி மதினி முன்னால் நடப்பார். அண்ணன் வலது கையில் குச்சியைப் பிடித்து, இடது கையை மதினியின் இடது தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வருவார். காலை எட்டு மணிக்குக் கிளம்பி அவரை பூத்தில் விட்டுவிட்டு மதினி கூலி வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். பதினாலு வருஷத்தில் மதினியின் மெரூன் ஸ்வெட்டர் இடது தோளில் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. ஸ்வெட்டர் மாற்றினாலும் அதே இடத்தில்தான் தேயும்.

ரெண்டாயிரத்து ஏழு மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, மதினிக்கு ஒரு வேலை தேடி வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில், சமையல்கட்டில். நிரந்தர வேலை. ஜூன் நாலாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். அதுவரை மதினி பார்த்தது கேரட் கழுவுகிற வேலை. மார்கழிப் பனியில் அந்தத் தண்ணீரில் கை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். என் கடையில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது அந்த விரலைப் பார்த்தால் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும்.

ஒரே ஒரு சிக்கல். விடுதிக்குக் காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு அண்ணனை பூத்துக்கு யார் கூட்டி வருவது?

நான் கூட்டி வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் குமார் டாக்ஸி ஓட்டுகிறவர், அவர் ஏற்றி வருவார் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “தோள் மாறுனா நடை மாறிரும், தங்கச்சி. அதுவுமில்லாம, இன்னிக்கி நீ, நாளைக்கி மாப்ள, அதுக்கடுத்த நாள் ரெண்டு பேருக்கும் சோலி இருக்கும். அப்ப இவ அங்க அடுப்புல சட்டிய வச்சிட்டு என்னைய நெனச்சுக்கிட்டு நிப்பா” என்றார். மதினியோ வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற முடிவில் இருந்தார். கேரட் கழுவுகிறது என்ன கேவலமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த வாரம்தான் கனடாவிலிருந்து பெட்டி வந்தது.

டோரத்தி மிஸ் என்று ஒரு டீச்சர் இங்கே பதினோரு வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் பூத்திலிருந்துதான் ஊருக்குப் பேசுவார். அவர் தம்பிக்கும் பார்வை கிடையாது. தம்பி புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டதால் பழசை அனுப்புகிறேன், வழி சொல்லுகிற கருவி, உனக்கு உதவும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். செல்போன் கடைக்காரி என்றால் எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு. அந்த நினைப்பை நானும் கெடுத்துக்கொண்டதில்லை.

உள்ளே மூன்று சாமான். கையில் அடங்குகிற அளவில் பேசும் கருவி ஒன்று, மேலே ரப்பர் பொத்தான்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா ஒன்று. அதுதான் வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைப் பிடித்து நாம் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற ரிசீவர். மூன்றாவது, ஒற்றைக் காதில் மாட்டுகிற ஹெட்செட். அண்ணன் மூன்றையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து உதறினார்.

“வயரெங்க?”

“வயரே கெடையாதுண்ணே. எல்லாம் புளூடூத். கண்ணுக்குத் தெரியாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிரும்.”

“எனக்கு எதுதான் கண்ணுக்குத் தெரியுது” என்று சிரித்தார். நான் விளக்கத் தொடங்கினேன். இந்த டப்பா நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துக் கருவிக்குச் சொல்லும், கருவி அதைப் பேச்சாக்கி உங்கள் காதுக்கு அனுப்பும் என்றேன். அண்ணன் பாதியிலேயே கையமர்த்தினார்.

“புரிஞ்சிருச்சு. பெரிசு தொரை. பங்களாவ விட்டு எறங்க மாட்டாரு. சின்னது கங்காணி. மலைமேல நின்னு யாரு எந்த நெரையில நிக்கிறான்னு பாத்து தொரைக்கிச் சொல்லணும். காதுல மாட்டுறது தப்பு. வெள்ளனே பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்க ஆள் கூப்புட லயத்துல அடிப்பாங்கள்ல, அந்தத் தப்பு மேளம்.”

பெட்டியோடு வந்த ரெண்டு சி.டி. நிறைய இங்கிலீஷில் பேசி வைத்திருந்ததை இந்த மனுஷர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் தொரையையும் கங்காணியையும் ஜோடி சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. முதலில் சார்ஜர் முள் நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. அதற்கு ஒரு அடாப்டர் வத்தலக்குண்டிலிருந்து வரவழைத்தேன். பிறகு கருவியைத் தேடச் சொன்னால், கங்காணியைத் தவிர ஊரில் இருக்கிற எல்லாரையும் கண்டுபிடித்தது. சீசன் நேரம், ரோட்டில் போகிற டூரிஸ்ட் எல்லாரிடமும் புளூடூத் போன். ஒவ்வொருவன் தன் போனுக்கு வைத்திருந்த பெயரையும் தொரை கனத்த குரலில் வாசித்தார். ‘ஐ லவ் ரேகா’ என்று அவர் சர்ச்சில் வேதம் படிக்கிற மாதிரி சொன்னபோது மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் கங்காணியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, ரகசிய எண் கேட்டதும் நாலு சைபர் போட்டேன். ஜோடி சேர்ந்தது.

ஹெட்செட் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை முதலில் குமார் போனில் சேர்த்துப் பார்த்தேன். பார்த்தவள் பிரித்துவிட மறந்துபோனேன். குமார் போனை எடுத்துக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போக, அண்ணன் காதில் டொய்ங் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து டிங் என்று இன்னொரு சத்தம். “மாப்ள வந்துட்டாரு போலருக்கு” என்றார். நிமிர்ந்தால் குமார் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார். முப்பது அடிக்குள் வந்தால் சேரும், தாண்டினால் விட்டுப் போகும் என்று நான் சொன்னேன். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதைப் பிரிக்க விடாமல், அன்று முழுக்க என் வீட்டுக்காரர் வருவதையும் போவதையும் அறிவித்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்து தொரையைக் கிளப்பினால், இந்த இடத்துக்கு மேப் இல்லை என்கிறார். கனடாக்காரன் கருவிக்கு நாயுடுபுரம் எங்கே தெரியப்போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சி.டி.யை மறுபடி கேட்டதில் ஒரு வழி தெரிந்தது. மேப் இல்லாவிட்டாலும் நாமே நடந்து போய், வேண்டிய இடத்தில் நின்று, பொத்தானை அழுத்தி நம் குரலிலேயே அடையாளம் பதிந்துகொள்ளலாம். அடுத்த தடவை அந்த இடத்தை நெருங்கினால் கருவி அதையே திருப்பிச் சொல்லும்.

“நாளையிலேருந்து வர்ற வழியெல்லாம் பதிஞ்சுக்கிட்டே வாங்க. கங்காணிய மட்டும் பைக்குள்ள போட்ராதீங்க. வானம் தெரியணும். தோள்ல குத்திக்கணும்” என்று சொல்லி ஒரு ஊக்கையும் கொடுத்தேன்.

மறுநாள் காலை ரெண்டு பேரும் வருகிறார்கள். கங்காணி மதினியின் இடது தோளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். தேய்ந்த இடத்துக்குச் சற்று மேலே, ஊக்குக் குத்தி.

“என்ன மதினி இது?”

“நீதான தோள்ல குத்தச் சொன்ன” என்றார் மதினி. அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த வீட்டில் தோள் என்றால் அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாலு வருஷமாக அவர்கள் பேச்சில் வேறு தோளே வந்ததில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒட்டிக்கொண்டே நடக்கிறவர்களுக்கு ரெண்டடி முன்னே பின்னே இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். மதினி வேலைக்குச் சேரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அதோடு சரி. இந்தக் கதையில் தப்பு யாருடையது என்று யாராவது கேட்டால், என்னுடையதுதான்.

பதிவு ஒரு வாரம் நடந்தது. அண்ணன் பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமி, வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டு பேசிவிடுவார். அதனால் தொரைக்குள் பதிவானது முழுக்க மதினியின் குரல். ‘இங்க எண்பத்திரெண்டு படி முடியுதுங்க.’ ‘மாவு மில்லுங்க, தண்டாயுதபாணி சைக்கிள குறுக்க விட்டிருப்பான், பாத்து வாங்க.’ ஒரு இடத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் உருளைக்கிழங்கு விலை கேட்பதும் பதிந்துபோய், அந்த இடம் வரும்போதெல்லாம் தொரை விலை விசாரித்தார். தைலமர வளைவில் மட்டும் மதினி கொஞ்சம் யோசித்துத்தான் பேசியிருந்தார். ‘இதாங்க நம்ம சாக்கடை. வலது பக்கம் ஒட்டி வாங்க.’

அடுத்த வாரம் ஒத்திகை. அண்ணன் முன்னால் தனியாக நடக்க வேண்டும். மதினி பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் வர வேண்டும். அண்ணன் நடப்பது சுலபமாக வந்துவிட்டது. மதினி வாயைத் திறக்காமல் வருவதுதான் வரவில்லை. முதல் நாள் எட்டு தடவை ‘ஏங்க’ என்றார். ரெண்டாம் நாள் மூன்று தடவை. நாலாம் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பக்கத்திலேயே நடந்து, அண்ணன் குச்சியால் தட்டியதும் மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை ஒரு வார்த்தை இல்லாமல் முழு வழியும் முடிந்தது. பின்னால் வந்த மதினியின் தோளில் கங்காணி, முன்னால் போன அண்ணன் கையில் தொரை. முப்பது அடிக்குள்தான் இருந்தார்கள். அதனால் எல்லாம் சரியாகவே வேலை செய்தது, எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் பூத்தில் வைத்தே மதினியிடம் கறாராகச் சொன்னார். “திங்கக்கெழம நீ வேலைக்குப் போற. நான் வர்றேன். பின்னால வந்தேன்னு தெரிஞ்சுச்சு, நானே விடுதிக்குப் போன் போட்டு இவளுக்கு வேலை வேணாம்னு சொல்லிருவேன். நம்பர் எனக்குத் தெரியும்.”

அந்த நம்பர் அவருக்குத் தெரியும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

திங்கட்கிழமை நான் ஏழரைக்கே கடையைத் திறந்துவிட்டேன். வழக்கமாக ஒன்பது. திறந்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்ததை அண்ணன் பாதி சொன்னார், மதினி பாதி சொன்னார். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதினி அஞ்சே முக்காலுக்குக் கிளம்பியிருக்கிறார். ரெண்டு வாரப் பழக்கம். ஸ்வெட்டரைப் போட்டதும் கை தானாகக் கங்காணியை எடுத்துப் பொத்தானை அமுக்கி, தோளில் குத்திக்கொண்டுவிட்டது. எட்டு மணிக்கு அண்ணன் கதவைப் பூட்டிக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டி, தொரையைக் கிளப்பினார். தொரை, ‘ரிசீவர் நாட் ஃபவுண்ட்’ என்றார். அண்ணன் உள்ளே போய் மேசையைத் தடவினார், அலமாரியைத் தடவினார். அப்புறம்தான் கங்காணி யார் தோளில் இருக்கிறார் என்று ஞாபகம் வந்தது.

அண்ணன் வாசலுக்கு வந்து கணக்குப் போட்டார். திரும்பி வீட்டுக்குள் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் பூத் திறக்காது. பூத் திறக்கவில்லை என்று மதினிக்குத் தெரிந்தால் நாளைக்கு வேலைக்குப் போக மாட்டார். அதோடு முடிந்தது. அண்ணன் குச்சியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஹெட்செட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் காது குளிருமாம்.

எண்பத்திரெண்டு படி. எண்ணிக்கொண்டே இறங்கினார். மாவு மில்லின் சத்தம் வந்தது; தண்டாயுதபாணியின் சைக்கிளைக் குச்சி கண்டுபிடித்தது. ஒத்திகையில் எத்தனை தடவை நடந்த வழி. கால் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தது. தைலமர வாசம் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வலது பக்கம் ஒட்டிப் போக வேண்டும் என்று தெரியும். வலது பக்கம் எது என்றும் தெரியும். கால்தான் எழவில்லை. நாற்பத்தைந்து வயசில் நடுரோட்டில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது என்று சொன்னார்.

அப்போது தொரை பேசினார். ‘ரிசீவர் கனெக்டெட்.’ அடுத்த நிமிஷம் காதுக்குள் மதினியின் குரல். ‘இதாங்க நம்ம சாக்கடை. வலது பக்கம் ஒட்டி வாங்க.’

முதலில் சந்தோஷம்தான் வந்ததாம். தொரைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஒரு அடிகூட எடுத்து வைத்தாராம். அப்புறம்தான் யோசனை வந்தது. கங்காணி தானாக நடந்து வர மாட்டார்.

மதினி விடுதிக்கு ஆறேகாலுக்கே போய், கையெழுத்துப் போட்டு, ஒரு கூடை வெங்காயம் உரித்திருக்கிறார். ஏழேமுக்காலுக்கு மேல் கை ஓடவில்லை. தலைமைச் சமையல்காரம்மா சண்முகசுந்தரியிடம் போய், கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று ஒரு பொய். முதல் நாளே இப்படியா என்று முணுமுணுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லி அந்தம்மா விட்டார். மதினி குறுக்குப் பாதையில் ஓடி வந்து, ஒரு தைலமரத்துக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். தன் தோளில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, “ராணி” என்றார்.

மதினி மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

“கங்காணி முப்பது அடிக்குள்ள நிக்கிறாருன்னு தொரை சொல்லிட்டாரு. ஒன் தோளத் தொட்டுப் பாரு.”

மதினி தொட்டுப் பார்த்தார். “நான் அப்படியே உக்காந்துட்டேன் புவனா” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

“பேசாத. நீ பேசுனா நான் ஒன் பக்கம் திரும்பிருவேன்” என்றார் அண்ணன். “திரும்புனா தோளப் புடிச்சிருவேன். புடிச்சா இன்னிக்கோட போச்சு. சோலிக்குப் போ. வெரசாப் போ.”

சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. காலடிச் சத்தத்தை அவர் நம்பத் தயாராக இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளை என்பது ஒத்திகையிலேயே தெரிந்துபோனது. அதனால் தொரைக்காகக் காத்திருந்தார். வேன் போனது, குதிரை போனது, யாரோ ரோட்டைத் தாண்ட உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் காதில் சத்தம் வந்தது. ‘ரிசீவர் லாஸ்ட்.’

அதைக் கேட்ட பிறகு, வலது பக்கம் ஒட்டி, அந்தச் சாக்கடையைத் தாண்டி நடந்தார்.

எட்டு நாற்பதுக்கு வளைவில் முதலில் குச்சி தெரிந்தது, பிறகு அண்ணன் தெரிந்தார். முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைவாசலில் நின்று அழுகிறோமே என்று என்மேலேயே எனக்குக் கோபமும் வந்தது. அண்ணன் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“என்ன தங்கச்சி, இன்னிக்கி வெள்ளனே கடையத் தெறந்துட்ட?”

நடந்ததைக் கேட்டதும், குமாரை அனுப்பி இப்போதே விடுதியிலிருந்து அந்த டப்பாவை வாங்கிவரச் சொல்கிறேன், நாளையிலிருந்து உங்கள் சட்டையில் நானே குத்திவிடுகிறேன் என்று குதித்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். நாளைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் என்றார். கனடாவிலிருந்து ஏழு கடல் தாண்டி வழி சொல்ல வந்த சாமானை இப்படியா வீணாக்குவது என்று நான் சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே யாருக்கோ நம்பர் போட ஆரம்பித்துவிட்டார். பகல் முழுக்க ஹெட்செட்டை மட்டும் கழற்றவில்லை. வேலை நிலைத்ததா போனதா என்று தெரியாமல் அன்றைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. விடுதி நம்பர் தெரிந்தும் அவர் போன் போட்டுக் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு நல்ல மஞ்சு இறங்கிவிட்டது. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. நானும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். காதில் கையை வைத்து ஒரு நொடி கேட்டார்.

“தங்கச்சி, இன்னொரு டீ சொல்லு. சீனி தூக்கலா.”

யாருக்கு என்று கேட்கத் தலையைத் திருப்புவதற்குள், கீழ்ப் படிக்கட்டில் மஞ்சுக்குள்ளிருந்து மெரூன் ஸ்வெட்டர் ஏறி வந்தது. இடது தோளில் கங்காணி உட்கார்ந்திருந்தார். மதினி பூத் வாசலில் வந்து நின்றார். கை விரலில் வெங்காய வாசம் எனக்கே அடித்தது. அப்புறம் அண்ணன்தான் கேட்டார்.

“என்ன சொன்னாங்க?”

“நாளைக்கும் ஆறரைக்கு வரச் சொல்லிருக்காங்க” என்றார் மதினி. “கேஸ் அடுப்ப மட்டும் மறக்காம அணைச்சிட்டு வரணுமாம்.”